ஊறிப்போன வாஷ்பேசின் கேபினட்: 45,000 ரூபாய் கொடுத்து மாற்றலாமா?

கேள்வி இதுதான்: சென்னையில் 12 வருடப் பழைய ஃபிளாட், சொந்த வீடு. பாத்ரூமில் வாஷ்பேசினுக்குக் கீழே இருக்கும் மரக் கேபினட்டின் அடிப்பலகை ஊறி உப்பிவிட்டது, ஒரு கதவு கழன்று தொங்குகிறது. மேலே இருக்கும் கிரானைட்டும் பேசினும் நன்றாகவே உள்ளன. கடையில் பேசின், கண்ணாடியோடு சேர்ந்த புது வேனிட்டி (பேசின் கேபினட்) செட்டுக்கு 45,000 ரூபாய் சொல்கிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் வீட்டை வாடகைக்கு விடவோ விற்கவோ எண்ணம். இந்தச் செலவு தகுமா?

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். கேபினட்டை மாற்றத்தான் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த 45,000 ரூபாய் செட் உங்களுக்கு வேண்டாம். கிரானைட்டும் பேசினும் நல்ல நிலையில் இருக்கும்போது அவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவது திரும்பி வராத செலவு. கீழே இருக்கும் பெட்டியையும் அதற்குள் ஓடும் குழாய்ச் சாமான்களையும் மட்டும் மாற்றினால், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குப் பணத்தில் வேலை முடிந்துவிடும். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்த விஷயத்தில் கடையில் சொல்லாமல் விடுவது நிறைய.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். அந்தப் பலகை எதனால் ஊறியது என்று தெரியாமல் புது கேபினட் போட்டால், என்ன விலை கொடுத்திருந்தாலும் அதுவும் இதே கதிக்குத்தான் ஆளாகும். கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை, இன்று ராத்திரியே செய்து பார்க்கலாம். உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, குழாய்களை ஈரம் போகத் துடையுங்கள். பேசினின் வாயை அடைத்து, முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் பிடித்து, அப்புறம் ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். சும்மா குழாயைத் திறந்து பார்த்தால் போதாது. நிறைந்த பேசின் காலியாகும்போதுதான் கீழே இருக்கும் இணைப்புகளில் தண்ணீர் முழு வேகத்தில் இறங்கும். அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பாருங்கள். பேசினுக்கு நேர் அடியில், அதன் வாயை வடிகுழாயோடு இணைக்கும் வேஸ்ட் கப்ளிங்கின் நட்டு, அதற்குக் கீழே புட்டி மாதிரி இருக்கும் பாட்டில் டிராப்பின் மேல் நட்டு, கழற்றிச் சுத்தம் செய்யும் அடிக் கிண்ணம், குழாய் சுவருக்குள் நுழையும் இடம். கைக்குத் தட்டுப்படாத ஈரத்தைக்கூட டிஷ்யூ காட்டிவிடும்.

அடுத்தது ஆங்கிள் காக், அதாவது சுவரிலிருந்து பேசின் குழாய்க்குத் தண்ணீர் விடும் சின்ன வால்வு. வடிகுழாயில் பேசினைப் பயன்படுத்தும்போது மட்டும்தான் தண்ணீர் ஓடும். ஆங்கிள் காக்கிலும் அதிலிருந்து மேலே போகும் ஹோஸிலும் தண்ணீர் இருபத்துநாலு மணி நேரமும் அழுத்தத்தோடு நிற்கும். நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். நட்டைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அங்கே நாள் கணக்காகத் துளித்துளியாகக் கசிந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாளைக்கு நாலு சொட்டுதான் என்று விட்டுவிடுவோம். மூடிய பெட்டிக்குள் அந்த நாலு சொட்டும் ஆவியாகி வெளியே போக வழியில்லாமல் பலகைக்குள்ளேயே இறங்கும்.

கீழே எல்லாம் காய்ந்தே இருக்கிறது என்றால், பேசினும் கிரானைட்டும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே இடைவெளியை அடைத்திருக்கும் சிலிக்கான் பசை கறுத்து, ஓரத்தில் எழும்பியிருந்தால், மேலே சிந்தும் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்குகிறது. பழைய சிலிக்கானை பிளேடால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, சானிட்டரி கிரேடு சிலிக்கான் போட்டு ஒரு நாள் ஈரம் படாமல் விட வேண்டும். பழசுக்கு மேலேயே புதுசைப் பூசுவது ஒட்டாது. பிளம்பர் அவசரத்தில் அப்படித்தான் செய்வார், பக்கத்தில் நின்று தடுத்துவிடுங்கள்.

நீங்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய இன்னொன்று கப்ளிங்கின் வகை. பேசினின் உள்பக்கம், மேல் விளிம்புக்குக் கீழே நிரம்பி வழியாமல் இருக்க ஓட்டை இருந்தால் ஹாஃப் த்ரெட் கப்ளிங் போட வேண்டும். அதன் உடம்பில் இருக்கும் துளை வழியாகத்தான் அந்த வழிநீர் குழாய்க்குப் போகும். இப்போது பிரபலமாக இருக்கும் டேபிள்டாப் பேசின்கள் பலவற்றில் அந்த ஓட்டையே கிடையாது, அவற்றுக்கு ஃபுல் த்ரெட். மாற்றிப் போட்டுவிட்டால் எத்தனை முறை நட்டை இறுக்கினாலும் கசிவு நிற்காமல் போகலாம். குறை கப்ளிங்கில் இருக்கும், பழி பேசின் மேல் விழும்.

பிறகு தரை. வாஷ்பேசின் பகுதியைக் காய்ந்த இடமாகவும் குளிக்கும் இடத்தைத் தனியாகவும் பிரித்துக் கட்டிய பாத்ரூமுக்காக உருவானவைதான் இந்த வேனிட்டிகளில் பெரும்பாலானவை. நம் பாத்ரூமில் வாளியில் பிடித்து ஊற்றிக் குளிக்கிறோம், தினமும் தரை முழுக்க நனைகிறது, வாரம் ஒரு முறை பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறோம். தரையில் உட்காரும் கேபினட் இங்கே தாங்காது. சின்னக் கால் வைத்த கேபினட்டும் அப்படித்தான், அடியில் கூட்டவும் முடியாது, காயவும் காயாது. கரப்பான் பூச்சி குடியேற அதைவிட நல்ல இடம் கிடையாது. எந்தப் பொருளில் செய்தாலும் தரையிலிருந்து ஓர் அடி உயரம் விட்டுச் சுவரில் மாட்டுவதாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, பணத்துக்கு வருவோம்.

45,000 என்று சொன்னார்களே, அதில் ஜிஎஸ்டி உண்டா என்று கேட்டீர்களா? இல்லையென்றால் 18 சதவீதம் சேர்த்து 53,100. செட்டில் குழாய் வருமா? பெரும்பாலும் பேசினும் கண்ணாடியும்தான் வரும், குழாய் தனி. பாட்டில் டிராப், கப்ளிங், ஹோஸ், ஆங்கிள் காக் எல்லாம் தனி. பழைய கிரானைட்டை உடைத்து எடுக்கும் கூலி, கழிவை இறக்கிக் கொண்டுபோகும் கூலி, மாட்டும் கூலி. கிரானைட்டை எடுக்கும்போது சுவரில் நாலு டைல் விரிசல் விடாமல் இருந்தால் அதிர்ஷ்டம். 12 வருடம் முன்பு ஒட்டிய டைல் இப்போது கடையில் கிடைக்காது, அதனால் அந்தச் சுவரையே மறுபடி ஒட்ட வேண்டிய நிலை வரும். 45,000 என்று ஆரம்பித்த வேலை 70,000 தாண்டுவது இப்படித்தான். யாரும் ஏமாற்றவில்லை, கேட்காததை யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கிரானைட்டைத் தொடாமல் கீழ்ப் பெட்டியை மட்டும் மாற்றினால் கணக்கே வேறு. மூன்றடி அகலத்துக்குப் பிவிசி போர்டில் கதவு, பக்கப் பலகை, உள்ளே ஒரு தட்டு, நல்ல கீல், கூலி எல்லாம் சேர்த்து இன்றைய சந்தையில் ஏறத்தாழ 8,000 முதல் 12,000 வரை ஆகலாம். புது பாட்டில் டிராப், கப்ளிங், இரண்டு ஆங்கிள் காக், இரண்டு ஹோஸ், பிளம்பர் கூலி என்று இன்னொரு 3,000, 4,000. மொத்தம் 15,000 பக்கம். குழாய்ச் சாமானில் மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினட் கழன்றிருக்கும் இந்த நேரத்தில்தான் அவற்றைச் சுலபமாக மாற்ற முடியும். பழைய ஹோஸ் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். யாரும் இல்லாத நேரத்தில் அது வெடித்தால் நனைவது உங்கள் வீடு மட்டுமாக இருக்காது.

விற்கும்போது இந்தப் பணம் திரும்புமா? பாத்ரூமைப் புதுப்பித்தால் போட்ட பணத்தில் முக்கால்வாசி வீட்டு விலையில் திரும்பும் என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கு அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே ஆண்டுதோறும் வெளியாகும் ஓர் அறிக்கையில், 2024ல், நடுத்தர அளவிலான பாத்ரூம் புதுப்பிப்புக்கு ஏறத்தாழ 74 சதவீதம் திரும்புவதாக மதிப்பிட்டிருந்தார்கள். அது முழு பாத்ரூமையும் மாற்றுவதற்கான கணக்கு, வேனிட்டிக்கு மட்டுமானது இல்லை. அந்த ஊர் வீட்டுச் சந்தைக்கான கணக்கும்கூட. சென்னையில் பழைய ஃபிளாட்டின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் யுடிஎஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு, அந்தத் தெருவின் நில மதிப்பு, கட்டடத்தின் வயது, கார் பார்க்கிங், மெட்ரோ வாட்டர் வருகிறதா என்பவைதான். வங்கியிலிருந்து மதிப்பிட வரும் பொறியாளர் நிலப் பங்கையும் கட்டடத்தையும்தான் கணக்கில் எடுப்பார். உங்கள் வேனிட்டி என்ன பிராண்டு என்று அவர் குறிப்பெடுக்கப் போவதில்லை.

ஆனால் பாத்ரூமுக்கு விலையில் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. வீடு பார்க்க வருபவர்கள் முதலில் திறந்து பார்ப்பது சமையலறை சிங்க்கின் அடியையும் வாஷ்பேசினின் அடியையும்தான். அங்கே உப்பிய பலகையும் ஊறல் வாடையும் இருந்தால், 'இந்த வீட்டில் லீக்கேஜ் இருக்கிறது' என்ற எண்ணம் விழுந்துவிடும். அப்புறம் பெட்ரூம் சுவரில் இருக்கும் சாதாரணப் பெயின்ட் கறையைக்கூட ஊறல் என்றுதான் பார்ப்பார்கள். பேரம் அங்கிருந்து தொடங்கும். அந்தக் குறையை நீக்குவதற்குச் செலவு செய்யலாம், அது வீண் போகாது. 15,000 ரூபாய் வேலையே அதற்குப் போதும். அதற்கு மேல் போடும் 30,000, 40,000 வாங்குபவரின் கணக்கில் ஏறாது. வீட்டை வாங்கியதும் அவர் தன் விருப்பப்படி எல்லாவற்றையும் மாற்றத்தான் போகிறார்.

வாடகைக்கு விடுவதாக இருந்தால் சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல பாத்ரூம் என்பதற்காக மாதம் 500 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 45,000 ரூபாய் திரும்ப 90 மாதம், அதாவது ஏழரை வருடம். 15,000 ரூபாய் திரும்ப 30 மாதம். ஏழரை வருடத்துக்குள் குடியிருப்பவர்கள் எத்தனை முறை மாறுவார்கள், அந்தக் கேபினட் எந்த நிலையில் இருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். வாடகை வருமானத்தில், சொத்து வரி போக மிஞ்சுவதில் 30 சதவீதத்தைப் பழுது, பராமரிப்பு போன்றவற்றுக்கு என்று வருமான வரிச் சட்டமே கழித்துவிடுகிறது. நீங்கள் ஒரு ரூபாய் செலவு செய்தாலும் லட்ச ரூபாய் செலவு செய்தாலும் அதே 30தான். வேனிட்டி பில்லைக் காட்டித் தனியாக எதுவும் வாங்க முடியாது.

இனி என்ன பொருளில் செய்வது என்பது. உங்களுடையது உப்பியிருக்கும் விதத்தைப் பார்த்தால் பார்ட்டிகிள் போர்டாகவோ எம்டிஎஃப் ஆகவோ இருக்க வேண்டும். இரண்டுமே மரத்தூளையும் நாரையும் பசையோடு அழுத்திச் செய்பவை. சாதாரண ரகங்களில் போடும் யூரியா பசை தண்ணீருக்குத் தாங்காது. ஒரு முறை உப்பினால் காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. எச்டிஎச்எம்ஆர் என்று ஒரு நார்ப் பலகையை இப்போது விற்கிறார்களே, அது ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரில் நிற்கத் தாங்காது. கிச்சனுக்குப் பரவாயில்லை, பேசின் அடிக்கு நான் சொல்ல மாட்டேன்.

பிளைவுட்தான் வேண்டும் என்றால் 710 பிளை. ஐஎஸ் 710 என்ற மரைன் பிளைவுட் தரத்துக்கான பலகையை 72 மணி நேரம் கொதிக்கும் தண்ணீரில் போட்டுச் சோதிக்கிறார்கள். அதில் இருப்பது பீனால் பசை. ஷீட்டின் மேல் ஐஎஸ்ஐ முத்திரையும் உரிம எண்ணும் அச்சிட்டிருக்க வேண்டும். வெறும் 'வாட்டர்ப்ரூஃப்' என்று மட்டும் அடித்திருந்தால் எடுக்காதீர்கள். ஆனால் 710 பிளையிலும் வெட்டிய ஓரங்கள் வழியாக ஈரம் ஏறும். ஆசாரி கதவின் நாலு ஓரத்துக்கும் அழகாக எட்ஜ் பேண்ட் என்ற ஓரப்பட்டையை ஒட்டுவார், பின்பலகையில் குழாய்க்காகப் போட்ட ஓட்டையை மட்டும் அப்படியே பச்சையாக விட்டுவிடுவார். கசியும் தண்ணீர் முதலில் தொடுவது அந்த ஓட்டையைத்தான். அதில் சிலிக்கானோ எப்பாக்ஸியோ தடவச் சொல்லுங்கள். கரையான் பயமும் பிளைவுட்டுக்கு உண்டு.

உங்கள் வேலைக்குப் பிவிசி ஃபோம் போர்டோ, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி போர்டோ போதும். தண்ணீரும் கரையானும் ஒன்றும் செய்யாது. அதன் பலவீனம் ஸ்க்ரூ பிடிமானம். மலிவான, லேசான போர்டில் கீல் இரண்டு வருடத்தில் பிய்ந்து வந்துவிடும். 18 மில்லிமீட்டர் கனம் கேளுங்கள், டென்சிட்டி என்ன என்று கேளுங்கள், கையில் தூக்கிப் பார்த்து ஒரே தடிமனில் இரண்டு போர்டு இருந்தால் எடை கூடியதை எடுங்கள். கதவு உயரமாக இருந்தால் மூன்று கீல் போடச் சொல்லுங்கள்.

கீல் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும். கடைகளில் 202 ரகத்தையும் எஸ்எஸ் என்றுதான் விற்பார்கள், அது சீக்கிரம் துருப்பிடிக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் இன்னும் சீக்கிரம். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்பார்கள். தெரியாது. 202, 304 இரண்டுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாதவைதான். பில்லில் 304 என்று எழுதி வாங்குவதுதான் வழி.

இன்னொரு விஷயம், பாத்ரூம் கழுவும் ஆசிட் பாட்டிலைப் பேசின் அடியில் வைக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. மூடி இறுக்கமாக இருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவி வந்துகொண்டேதான் இருக்கும். மூடிய கேபினட்டுக்குள் அந்த ஆவி கீலையும் ஆங்கிள் காக்கையும் அரித்துவிடும். உங்கள் பழைய கதவு கழன்று தொங்குவதற்கு அதுவே காரணமாகக்கூட இருக்கலாம். ஆசிட், ஃபினாயில் எல்லாம் பால்கனியில் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

வாடகைக்கு விடப்போவது உறுதி என்றால் கேபினட்டே வேண்டாம் என்பேன். கிரானைட்டுக்குக் கீழே, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், சுவரோடு சுவராக ஒரு கடப்பா கல் தட்டு மட்டும் போட்டு, முன்னால் கதவில்லாமல் திறந்து விட்டுவிடுங்கள். நம் ஊர்ச் சமையலறைகளில் எத்தனையோ காலமாக இருக்கும் முறைதான். காற்றோட்டம் இருக்கும், எங்கே கசிந்தாலும் அன்றைக்கே கண்ணில் படும், குடியிருப்பவர் மாறும்போது ஒரு துடைப்பு போதும். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை என்பதால் ஆசிட் பட்டால் அரிக்கும், அதை மட்டும் சொல்லி வையுங்கள்.

முழு செட்டும் வாங்குவது எப்போது தகும்? பேசினில் விரிசல் விட்டிருந்தால், கிரானைட் உடைந்திருந்தால், அல்லது டைல், வாட்டர்ப்ரூஃபிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பாத்ரூமையே புதிதாகச் செய்யப்போகிறீர்கள் என்றால் வாங்கலாம். அதுவும் இன்னும் பத்து வருடம் நீங்களே குடியிருக்கப்போகும் வீடாக இருந்தால். காலையில் நாலு பேர் ஒரே கண்ணாடி முன்னால் நிற்கும் வீட்டில், நல்ல இழுப்பறையும் நல்ல வெளிச்சமும் தினமும் தரும் வசதியை ரூபாயில் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. அது உங்கள் வீடு, உங்கள் சௌகரியம். ஆனால் டைல் வேலை இரண்டு வருடத்தில் வரப்போகிறது என்று தெரிந்தால் அதுவரை பொறுங்கள். இப்போது வாங்கும் வேனிட்டியின் அகலமும் குழாய் உயரமும் அப்போது செய்யும் வேலையைக் கட்டிப்போட்டுவிடும்.

அப்படி வாங்கும்போது உயரத்தை அளக்காமல் வாங்காதீர்கள். தரையிலிருந்து பேசின் விளிம்பு 80 முதல் 85 சென்டிமீட்டர் இருந்தால் எல்லோருக்கும் வசதி. டேபிள்டாப் பேசின் மட்டுமே 12 முதல் 15 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். அதைப் பழைய உயரத்திலேயே பலகை வைத்து அதன் மேல் உட்கார வைத்தால் விளிம்பு 95க்குப் போய்விடும். குழந்தைக்கு எட்டாது, வயதானவர் முகம் கழுவினால் முழங்கை வழியாகத் தண்ணீர் வழிந்து சட்டை நனையும். கடையில் அடுக்கி வைத்திருக்கும்போது அழகாகத் தெரிவதில் இந்தச் சிக்கல் மறைந்துபோகும்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் பேசின் ஓரத்தைப் பிடித்துத்தான் எழுவார்கள், திரும்புவார்கள். சுவரில் மாட்டும் வேனிட்டி அந்தப் பாரத்தைத் தாங்க வேண்டும். செங்கல் சுவரில் பிரச்சினை குறைவு. ஏஏசி பிளாக் எனும் லேசான கான்கிரீட் கல்லில் கட்டிய சுவர் என்றால் சாதாரண ஆங்கர் போல்ட் பிடிக்காது, அதற்கென்று இருக்கும் நீள ஃபாஸ்ட்னரோ, பசையால் பிடிக்கவைக்கும் கெமிக்கல் ஆங்கரோ போட வேண்டும். மைவான் முறையில் முழுக்க கான்கிரீட்டில் வார்த்த புது ஃபிளாட்டுகளில் பிடிமானம் அருமையாக இருக்கும், ஆனால் அந்தச் சுவரைக் காடி வெட்டிக் குழாயை இடம் மாற்றக் கூடாது. அந்தச் சுவர்தான் கட்டடத்தையே தாங்குகிறது. எந்த அடுக்குமாடியாக இருந்தாலும் சுவருக்குள் போகும் குழாயைத் தொட்டால் கீழ்வீட்டு சீலிங்கில் ஊறல் வரும் அபாயம் உண்டு. சுவரை உடைக்கும் வேலை என்றால் அசோசியேஷனில் சொல்லிவிட்டு, கீழ்வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

உங்கள் வேலைக்கு வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பழைய பெட்டியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அடுத்து பிளம்பர் வந்து சாமான்களை மாற்றட்டும், குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஃபிளாஞ்ச் எனும் வட்ட மூடியைத் தள்ளிவிட்டு உள்ளே இருக்கும் இடைவெளியையும் அடைக்கட்டும், கரப்பான் வருவது அந்த வழியாகத்தான். அப்புறம் ஒரு வாரம் கேபினட் இல்லாமலே புழங்குங்கள். சுவர் காயும், கசிவு மிச்சமிருந்தால் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் போர்டு ஆசாரியை அளவெடுக்கக் கூப்பிட வேண்டும். பாட்டில் டிராப்புக்கு நேராக வரும் தட்டை ஸ்க்ரூ இல்லாமல் கையால் தூக்கி எடுக்கும்படி செய்யச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு அடைப்புக்கும் கேபினட்டைப் பிரிக்க வேண்டிவரும். எல்லாம் மாட்டி முடித்ததும் பேசினை மறுபடி நிறைத்துத் திறந்து, அதே டிஷ்யூ சோதனையைப் பிளம்பர் எதிரிலேயே செய்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.